அண்ணியின் கையும் அண்ணனின் இன்ஜினும்

எங்கள் அண்ணி யாரையும் எச்சரித்துவிட்டு அடித்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும். முதலில் கத்துவோம், பிறகு கதவைப் படாரென்று சாத்துவோம், ரொம்ப முற்றினால் ஒரு வேளை சாப்பிடாமல் படுப்போம். அண்ணியிடம் இந்த முன்னுரை எதுவும் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார், முகம்கூட மாறாது, கை போய் வந்திருக்கும். அடி வாங்கியவருக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரியும்.

ஆள் உயரமில்லை. ஒல்லி. மலேசியாவில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்தவர்கள். பைராம் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவரின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அண்ணி நின்றபோது, அவருடைய அப்பா கதவை அடைத்துவிட்டாராம். அண்ணி அந்தக் கதவுக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்துவிட்டு வந்தார் என்பது அண்ணன் சொன்னது. புது மாப்பிள்ளைப் பெருமையில் அண்ணன் அளக்கிறான் என்று நினைத்தேன். வலது மணிக்கட்டில் தையல் போட்ட தடத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அண்ணன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பையன்களைத் திட்டக்கூட வராது அவனுக்கு. எனக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும், குளுகோரில் அவர்களுடைய வரிசை வீட்டின் மாடி அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அதாவது அண்ணி கொடுத்தார். அந்த வீட்டில் எதையும் கொடுப்பதும் மறுப்பதும் அவர்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு காட்சி கிடைத்தது. எங்கள் கேட்டை மறித்து யாரோ காரை நிறுத்திவிட்டு எதிர்வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். அண்ணி ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் வரவில்லை. எங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து, சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்து, அந்தக் காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் உடைத்தார். நிதானமாக, முதலில் வலது, பிறகு சுற்றிப்போய் இடது. அப்புறம் உள்ளே வந்து எங்களுக்குக் கொப்பி, அதாவது காப்பி, கலக்கினார். கார்க்காரர் வந்து குதித்தபோது ஸ்பேனரோடு கேட்டருகே போய் நின்றார்.

"நான்தான் உடைச்சேன். போய் போலிஸ்ல சொல்லுங்க. என் ஐ.சி. கார்டு நம்பர் வேணுமா?"

அந்த மனிதர் அண்ணியைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மாடிக்கு ஓடி வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படி ஒரு ஆள் எங்கள் குடும்பத்துக்கு வேண்டும் என்று நினைத்தேன். தலைமுறை தலைமுறையாகத் தலையைக் குனிந்தே பழகிய குடும்பம் எங்களுடையது.

செய்ததை ஒளிக்க மாட்டார், அதுதான் அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அடித்தால் அடித்தேன் என்பார். உடைத்தால் உடைத்தேன் என்பார். அடுத்த நிமிடமே அடிபட்டதைக் கவனிக்கவும் தொடங்கிவிடுவார். பிறை என்ற ஊரில் ஒரு ஹாஃப்கட் கடைக்கு, எங்கள் பழைய காருக்கு இன்ஜின் பார்க்கப் போனோம். ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் வரும் கார்களைக் குவித்து வைத்து, வேண்டியதைக் கழற்றி விற்கும் இடம். அண்ணி ஒரு இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறது என்றார். கடை முதலாளியான தவுக்கே சிரித்துக்கொண்டே, ஆ மோய், தங்கச்சி, இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று அண்ணனைக் கைகாட்டினார். பக்கத்து மேசையில் கிடந்த பிஸ்டன் ஒன்று அதே விநாடி பறந்துபோய் அவருடைய மீன்தொட்டியில் விழுந்தது. தொட்டி உடைந்து, அவர் செல்லமாக வளர்த்த அரோவானா எண்ணெய்த் தரையில் துள்ளியது. அண்ணிதான் முழங்காலிட்டு, கண்ணாடித் துண்டுகளில் கையைக் கிழித்துக்கொண்டு, அந்த மீனைப் பிடித்து வாளியில் விட்டுத் தண்ணீர் ஊற்றினார். "சாகாது, சாகாது" என்று மீனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மீன் பிழைத்தது. நாங்கள்தான் அந்தக் கடைப் பக்கம் பிறகு போக முடியவில்லை.

எனக்கு டெங்கி வந்து கிடந்தபோது பப்பாளி இலையைக் கசக்கிச் சாறெடுத்து வருவார். அந்தக் கசப்பை மனிதன் குடிக்க முடியாது. நான் துப்பினேன். பளாரென்று ஒன்று விழுந்தது. மூக்கைப் பிடித்து மறுபடி ஊற்றினார். விடியவிடிய ஈரத்துணியோடு என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் அவர்தான். பெற்ற தாயை எனக்கு நினைவில்லை. அந்த ஒரு வாரம் அண்ணி எனக்குத் தாயாகத்தான் இருந்தார், கன்னம் வீங்கியிருந்தாலும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் ஊரில் தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் மலை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். அண்ணி வருடாவருடம் ஒரு குவியல் நேர்ந்துகொள்வார், ஒற்றைக் கையாலேயே அத்தனையையும் உடைப்பார். ஒரு வருடம் நெரிசலில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நெளிந்துகொண்டு நின்றாள். அவள் பின்னால் ஒட்டி நின்றவனின் கை எங்கே இருந்தது என்பதை அண்ணி பார்த்துவிட்டார். அவர் ஓங்கியிருந்த தேங்காய் சாலைக்குப் போகவில்லை. அவன் வாயில் போய் இறங்கியது. பல் தெறித்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு தேங்காய்ச் சிரட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தான், விரல் இடுக்கு வழியாக ரத்தம் வழிந்தது. அண்ணி அடுத்த தேங்காயை எடுத்துச் சாலையில் அடித்து "முருகா" என்றார். அந்தப் பெண்ணின் அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணன் மட்டும் தட்டவில்லை. கூட்டம் அவனுக்கு ஒத்துவராது என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

காருக்கு வருகிறேன். தன் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும் என்பது அண்ணனின் சின்ன வயது ஆசை. கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே இருக்கை, தரையை ஒட்டி ஓடவேண்டும். பள்ளிக்கூடத்துப் பழைய தாள்களின் பின்பக்கமெல்லாம் அந்தப் படம்தான். அண்ணி அதை ஒருநாள் பார்த்து, "இந்தக் குழாயை இங்க குறுக்க வெச்சா ஒடியும்" என்று திருத்தினார். அவ்வளவுதான், மறு வாரமே கார் நிறுத்தும் இடத்தில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. எங்கள் பழைய கார் தெருவுக்குப் போனது. அண்ணன் அளந்து வெட்டுவான், அண்ணி வெல்டிங் வைப்பார். இருவரும் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பற்றவைத்த இணைப்பைத் தடவிப் பார்த்துச் சிரிப்பதை மாடியிலிருந்து பார்ப்பேன். எனக்கும் கல்யாண ஆசை வந்ததே அதைப் பார்த்துத்தான். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். பைராம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டலாம், அங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்பது அண்ணனின் திட்டம்.

காரின் இரும்புக் கூடு எழும்பியது. அதற்கு எந்த இன்ஜின் என்பதில்தான் பிடித்தது சனி.

அண்ணனுக்குப் பெரிய மோட்டார்சைக்கிளின் இன்ஜின் வேண்டும். மலேசியாவில் நாங்கள் மோட்டர் என்றால் அது மோட்டார்சைக்கிள், கார் எங்களுக்குக் காடி. அண்ணிக்குக் கார் இன்ஜின்தான் வேண்டும். சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"காடி இன்ஜினப் போட்டா அதுவும் இன்னொரு காடிதானே?" என்றான் அண்ணன். "முன்பக்கம் பாறாங்கல்லு மாதிரி கனக்கும். மோட்டர் இன்ஜின்னா கியரும் அதுக்குள்ளயே இருக்கு, நாம ரெண்டு பேரே தூக்கி வெச்சிடலாம் லா. அப்புறம் அந்தச் சத்தம் இருக்கே…" சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். கல்யாணத்துக்கு முன் அவனிடம் ஒரு பெரிய மோட்டார்சைக்கிள் இருந்தது. அண்ணி சொல்லித்தான் விற்றான்.

அண்ணி தன் கொப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துச் சாய்த்தார். "இங்க பாருங்க. மோட்டர் வளைவுல சாயும், எண்ணெயும் கூடவே சாயும், அடியிலயே நிக்கும். காடி சாயாது. எண்ணெய் ஒரு பக்கமா ஏறிடும், பம்ப் காத்த உறிஞ்சும், உள்ள எல்லாம் வெந்து போகும். அது ஒண்ணு. ரிவர்ஸ் எங்க? மோட்டர்ல ரிவர்ஸ் ஏது? முட்டுச் சந்துல மாட்டுனா நீங்களும் உங்க தம்பியும் எறங்கித் தள்ளுவீங்களா?"

"தள்ளுவோம். அவ்வளவு லேசா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணியும் சிரித்தார். கோப்பையை மேசையில் வைத்தார். அது அண்ணனின் விரல்கள்மேல் வைக்கப்பட்டது. சூடான கொப்பி அவன் கையில் வழிந்தது. தெரியாமல் பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அண்ணன் "பரவால்ல, பரவால்ல" என்று முதலில் சொன்னான். அண்ணி ஓடிப்போய்ப் பற்பசை கொண்டுவந்து தடவினார்.

இருவர் சொன்னதும் சரி. துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த மெக்கானிக்குகளிடம் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். நேரான சாலையில் ஆளைத் தூக்கியடிக்கிற வேகம் வேண்டுமானால் மோட்டார்சைக்கிள் இன்ஜின், நாலு வருடம் நோகாமல் ஓடவேண்டுமானால் கார் இன்ஜின். வீட்டில் வேறெதையும் அண்ணன் இப்படிக் கேட்டு நின்றதில்லை. சுவருக்கு என்ன நிறம், லீவுக்கு எங்கே போவது எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன் இதற்கு மட்டும் ஆட்டவில்லை.

அதன்பிறகு அண்ணனின் உடம்பில் காயங்கள் கூடின. தோளில் கன்றிய நீலம்: பாரம் தூக்கும் செயின் பிளாக் பட்டுவிட்டதாம். கழுத்தில் கொப்புளம்: வெல்டிங் பொறியாம். விலாப்பக்கம் நிமிர முடியாமல் நடந்தான்: குழாய் சரிந்துவிட்டதாம். வீட்டில் கார் கட்டுகிறவனுக்குக் காயத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவனைச் சகலகலா வல்லவன் என்று மெச்சினார்கள். நானும் கிண்டல் செய்தேன், "அண்ணே, காடி உன்னைக் கட்டுதா, நீ காடியக் கட்டுறியா?" என்று. அவன் சிரித்தான். கார் வருவதற்கு முன்னாலும் அவன் முழுக்கைச் சட்டைதான் போட்டான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம். மாடியில் படுத்திருந்தேன். கீழே பேச்சுச் சத்தம் இல்லை. இரும்பில் இரும்பு தட்டுவது போல ஒரு ஓசை, அதுவும் இடைவெளி விட்டு விட்டு. தண்ணீர் குடிக்க இறங்கினேன். அண்ணனின் இடது கை கூட்டின் குழாய்மேல் இருந்தது. அண்ணி நீளமான ஸ்பேனரால் அந்தக் கையின் புறத்தில் அடித்துக்கொண்டிருந்தார். சில அடி குழாயில் பட்டது, சில அடி கையில் பட்டது. அண்ணன் கையை எடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் மாடிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, வாயை இறுக மூடி நின்றான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"உனக்கென்ன விசரே? சொன்னால் விளங்காதே?" என்று அண்ணி மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபத்தில் அவருக்குத் தாத்தா வீட்டு யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும், விசர் என்றால் பைத்தியம்.

ஓடிப்போய் நடுவில் நின்றேன். அடுத்த அடி என் புருவத்தில் விழுந்தது. எனக்கு முழுசும் ரத்தமாகத்தான் தெரிந்தது.

பெரியாஸ்பத்திரிக்கு அண்ணிதான் காரை ஓட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை என் நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்தது. அவசரப் பிரிவில் தாதி என்ன ஆச்சு என்று கேட்டாள். அண்ணி பொய் சொல்லவில்லை.

"நான்தான் அடிச்சேன். ஸ்பேனரால. இவரையும் அடிச்சேன்," என்று அண்ணனின் வீங்கிய கையைக் காட்டினார்.

தாதி சிரித்துவிட்டாள். "அடடா, அக்கா ரொம்ப காராங் லா!" என்றாள். காராங் என்றால் மலாயில் கடுகடுப்புக்காரி. பக்கத்திலிருந்த டாக்டரும் சிரித்தார். அண்ணன்கூடச் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வான்? அண்ணி மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது நம்பமாட்டார்களா என்று தேடுகிற முகம் அது. எழுதும்போது அது எனக்குப் புரிகிறது, ஆனால் அன்று அவர்மேல் எனக்கு வெறிதான் வந்தது.

திரும்பும் வழியில் அண்ணன் மருந்து வாங்க இறங்கியபோது கேட்டேன், "ஏன் அண்ணி?"

"தெரியல தம்பி. கை போனப்புறம்தான் எனக்கே தெரியுது."

"டாக்டரப் பாருங்க."

"போனேன். என் புருஷன அடிக்கிறேன்னு சொன்னேன். நல்லா அடக்கி வெச்சிருக்கீங்கன்னு சிரிச்சாரு." ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதார். அந்த அழுகையை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அதனால் அண்ணனின் கை எலும்பு கூடிவிடவில்லை.

அண்ணனிடம் தனியாகப் பேசினேன். வா, வேறு வீடு பார்ப்போம், போலிசில் சொல்லலாம் என்றேன். அவன் பதறிவிட்டான். "போலிஸ்ல போய் என்னன்னு சொல்றது, பொண்டாட்டி அடிக்கிறான்னா? ஸ்கூல் பிள்ளைங்க முகத்த எப்படி லா பாக்குறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, "காடி ஓடட்டும்டா. என் இன்ஜின்ல அது ஓடுறத அவ கண்ணால பாத்துட்டா அடங்கிடுவா. எனக்கும் தெரியும்னு ஒரு தடவ தெரிஞ்சிட்டா போதும் அவளுக்கு," என்றான். அவன் நம்பியிருந்தது அந்த ஒன்றைத்தான். எனக்குச் சரியென்று படவில்லை. ஆனாலும் அந்தக் கார் ஓட வேண்டும் என்று அன்றிலிருந்து நானும் வேண்டத் தொடங்கினேன்.

புக்கிட் மெர்தாஜாமில் விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஒரு பெரிய மோட்டார்சைக்கிள் கிடந்தது. அண்ணன் அண்ணியிடம் சொல்லாமல் அதன் இன்ஜினை வாங்கி, காய்கறி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். நான் அண்ணனை ஒட்டி நின்றுகொண்டேன். அண்ணி வந்து பார்த்தார். சுற்றி நடந்தார். குனிந்து முகர்ந்தார். கடைசியில், "இத நீ மாட்டுனா ஒரு நாள் தாங்காது. தள்ளு," என்று கையுறையைப் போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பிடிக்காத இன்ஜினை அவரே மாட்டினார். அரைகுறையாக ஒரு வேலை நடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எண்ணெய் ஒதுங்காமலிருக்க அடித்தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தார். செயின் அறுந்தால் ஓட்டுபவன் காலை வெட்டிவிடும் என்று கனமான உறை அடித்துப் போட்டார். அண்ணனின் உயிர்மேல் அவருக்கு இருந்த கவலை அந்தத் தகட்டில் தெரிந்தது. தகடு மாட்டிய அன்றுதான் அவன் காதில் அடித்தார். இன்றுவரை அந்தக் காதில் அவனுக்குப் பாதிதான் கேட்கிறது.

ஒரு பள்ளி விடுமுறையில் காரை லாரியில் ஏற்றித் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பைராம் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே எங்கள் சின்னம்மா இருக்கிறார். தாய் போன பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர்தான். சித்தப்பா இருந்தவரை சின்னம்மாவை அடிக்காத நாள் குறைவு. நாங்கள் சிறுவர்களாகப் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறோம். சித்தப்பா செத்த பிறகுதான் சின்னம்மா கொஞ்சம் சதை போட்டார்.

தோட்டத்து ஆண்கள் மோட்டார்சைக்கிள்களை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். அண்ணன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இன்ஜின் உயிர் பெற்றது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே அந்தச் சத்தம் கூர்மையாக ஏறிக்கொண்டே போனதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கார் கால்வாய் வரை போனது. அங்கே சாலை முடிகிறது. ரிவர்ஸ் இல்லையே, நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கித் திருப்பி வைத்தார்கள், ஒரே சிரிப்பு. "என்ன சார், தோசை மாதிரி திருப்பிப் போடணுமா?" என்று ஒருவர் கத்தினார். திரும்பி வரும்போது அண்ணன் வைத்த வேகத்தில் செம்மண் கூரை உயரத்துக்கு எழுந்தது. வளைவிலும் ஓடியது. எண்ணெய் ஒதுங்கவில்லை, எதுவும் வேகவில்லை. அவன் இன்ஜினும் அவருடைய தகடும் சேர்ந்து ஓடின.

நிறுத்தினான். இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றினான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. நேராக அண்ணியிடம் போனான்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?"

குத்திக்காட்டவில்லை. சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான், அவ்வளவுதான். அண்ணியும் புன்னகைத்தபடிதான் இருந்தார். அவர் கையிலிருந்த ஸ்பேனர் அண்ணனின் கன்ன எலும்பில் விழுந்தது. தலைக்கவசம் கீழே உருண்டது. இரண்டாவது அடி வாயில். மூன்றாவது, அவன் குனிந்தபோது முதுகில்.

கூட்டம் முதலில் சிரித்தது. "அக்கா வேல காட்டுறாங்க லா!" என்றான் ஒருவன். நான் கார்ச் சக்கரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருவதற்குள் சின்னம்மா வந்துவிட்டார். கையில் கொண்டுவந்த சிராப் சர்பத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தார். ஆயுசு முழுக்கக் குலை சுமந்த கை. அண்ணியால் அசைக்க முடியவில்லை.

"விடுங்கோ. இது எங்கட விஷயம்."

"இதையேதான் இவன் சித்தப்பாவும் சொல்லுவாரு. எங்க விஷயம், எங்க விஷயம்னு. லயத்து வீடெல்லாம் கதவ சாத்திக்கிச்சு. என் விலா எலும்பு இன்னும் கோணலாத்தான் இருக்கு," என்றார் சின்னம்மா. குரலை உயர்த்தவில்லை. "நீ ஓங்குறதுக்கு முன்னாலயே அவன் கை கண்ணுகிட்ட போயிருச்சு. புதுசா அடி வாங்குறவன் கைய அப்படித் தூக்க மாட்டான். எத்தன வருஷமா இவன நீ அடிக்கிற?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அண்ணியை முதன்முதலாக ஒருவர் நம்பிவிட்டார். அண்ணியின் கை தளர்ந்தது, ஸ்பேனர் மண்ணில் விழுந்தது. "கல்யாணம் ஆனதிலேர்ந்து," என்றார். அப்போதும் பொய் சொல்லவில்லை.

வழக்கம்போல் லாரிக்கு ஓடி மருந்துப் பெட்டியை எடுத்துவந்தார். சின்னம்மா பெட்டியை வாங்கிக்கொண்டார், அவரை அண்ணன் பக்கம் விடவில்லை. அண்ணன் வாயில் ரத்தத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, போலாம்," என்றார் அண்ணி.

"நான் வரல."

கத்திச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அண்ணி தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். நான் அண்ணன் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் காரிடம் போனார். அதன் முன்மூடியைத் திறந்தார்.

வெயில் ஏற ஏற, யாரும் உதவாமல், தனியாளாக அந்த இன்ஜினைக் கழற்றினார். எண்ணெயைத் தகரத்தில் வடித்தார். செயினை எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றித் துடைத்து ஒரு பையில் போட்டார். தோட்டம் முழுக்க நின்று பார்த்தது. கடைசியில் லாரிக்காரரும் அவருமாகத் தூக்கி வந்து, சின்னம்மா வீட்டு வாசலில் சாக்கை விரித்து அதன்மேல் இறக்கினார்கள். மண் போகக் கூடாதென்று எல்லா ஓட்டைகளிலும் துணி செருகினார். "கூடு நான் வெல்டிங் வெச்சது, அத எடுத்துக்கிறேன். இன்ஜின் அவரோடது," என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டே சின்னம்மாவிடம், "அவருக்குக் காரம் ஆகாது. வயித்து வலி வந்துடும்," என்றார்.

"தெரியும்மா. நான்தான் அவன வளத்தேன். நீ போ."

போனார். இன்ஜின் இல்லாத காரை ஏற்றிக்கொண்டு, லாரியின் முன்னிருக்கையில், எங்கள் பக்கம் திரும்பாமல் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவரை வெறுக்க எனக்கு இன்னும் வரவில்லை. அவர் திரும்பி வந்துவிடுவாரோ என்றும் பயப்படுகிறேன். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க நான் தயாரில்லை.

லாரிச் சத்தம் பெரிய ரோட்டில் போய்க் கரையும்வரை அண்ணன் அசையவில்லை. உள்ளே வந்து சின்னம்மா போட்ட பாயில் உட்கார்ந்தான். உச்சி வெயில், வெளியே ஆட்கள் நடமாட்டம். தோட்டத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"தம்பி," என்றான், உதடு கிழிந்திருந்ததால் குழறலாக. "அந்தக் கதவத் தாழ்ப்பா போடுடா."

போட்டேன். அதற்குப் பிறகுதான் அவன் அழுதான்.